போர்டில் எத்தனை பேர் என்று எண்ணினால் கம்பெனி நிலவரம் தெரியுமா?

தர்மபுரி எம்பிஏ:
கடைசி வருஷ ப்ராஜெக்ட். வாகனத் துறையில் கார்ப்பரேட் கவர்னன்ஸ், அதாவது கம்பெனியை நடத்துகிறவர்களைக் கண்காணிக்கும் முறை, லாபத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது தலைப்பு. ஆண்டறிக்கைகளில் இருந்து இன்டிபென்டென்ட் டைரக்டர்கள் (நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத இயக்குநர்கள்) எத்தனை பேர், போர்டு மீட்டிங் எத்தனை நடந்தது என்று எடுத்து ஆர்.ஓ.இ.யோடு (பங்குதாரர் பணத்துக்குக் கிடைத்த லாப விகிதம்) வைத்துப் பார்த்தேன், ஒரு தொடர்பும் வரவில்லை. நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை புத்தகத்தில் மட்டும்தானா? ஓசூர் பக்கம் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

பங்குக்காரர், கிருஷ்ணகிரி:
தலைவர் ப்ரமோட்டர் தரப்பு, அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி தரப்பு என்றால் போர்டில் பாதிப் பேர் இன்டிபென்டென்ட் ஆக இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எல்லோரும் அந்த நாற்காலிகளை நிரப்பிவிடுகிறார்கள், அப்புறம் வித்தியாசம் எங்கே தெரியும்? வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா, சொன்னது எடுபட்டதா, அதைப் பாருங்கள். 2014இல் குஜராத் ஆலை தனக்கில்லை, தாய் நிறுவனமான சுசூகிக்கே சொந்தமாக இருக்கும் என்று மாருதி அறிவித்தபோது மியூச்சுவல் ஃபண்டுகள் எதிர்த்து நின்றன, கடைசியில் 2015 டிசம்பரில் சிறு பங்குதாரர்களின் ஓட்டு வாங்கித்தான் விஷயம் நடந்தது. ராயல் என்ஃபீல்டு பைக் செய்யும் ஐஷரில் 2021இல் சித்தார்த்த லாலை மறுபடி எம்.டி. ஆக்கும் தீர்மானமே தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்காமல் தோற்றது. சம்பள உயர்வுதான் காரணம், அதன் உச்சவரம்பைக் குறைத்த பிறகு நிறைவேறியது.

ஃபோக்ஸ்வாகன் இதற்கு நேர் எதிர். 20 பேர் கொண்ட மேற்பார்வைக் குழு, அதில் பாதி தொழிலாளர் தரப்பு, காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் ஒரே குடும்ப வட்டத்தின் கையில். 2015இல் டீசல் புகை மோசடி வெளியே வந்தது, சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள், செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அதற்கு முந்தைய வருஷங்களின் லாபத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் நீங்களே நல்ல மார்க் போட்டிருப்பீர்கள்.

சிப்காட் குவாலிட்டி:
தம்பி, எங்களுக்கு இது மாசக் கடைசியில் தெரியும். பாகத்தின் துளை (போர்) அளவு லிமிட்டைத் தாண்டிய பெட்டிக்குச் சிவப்பு டேக் கட்டுகிறோம், டிஸ்பாட்ச் டார்கெட் பாக்கி இருக்கிறது, அந்த டேக் அப்படியே நிற்குமா? முன்பு நான் இருந்த ஒரு இடத்தில் நிற்காது, அவிழ்த்துவிட்டு வண்டியில் ஏற்றச் சொல்வார்கள், கேட்டவனை ஷிஃப்ட் மாற்றுவார்கள். ஜப்பானில் டைஹாட்சு என்ற கார் கம்பெனி 2023 டிசம்பரில் பாதுகாப்புச் சோதனை முறைகேட்டால் எல்லா மாடல் சப்ளையையும் நிறுத்தியது. விசாரணைக் குழு சொன்ன முக்கியக் காரணம், மூச்சுவிட முடியாத அளவுக்கு இறுக்கமான டெவலப்மென்ட் கால அட்டவணை. கீழே இருக்கிற கெட்ட செய்தி மேலே போகாத கம்பெனியில் கணக்கைச் சரிபார்க்கும் போர்டின் ஆடிட் கமிட்டி எத்தனை தடவை கூடினாலும் பிரயோஜனமில்லை.

தர்மபுரி எம்பிஏ:
புரிகிறது அண்ணா. ஆனால் டேகை எப்படி அளப்பது? கைடு நம்பர்தான் கேட்பார்.

சி.என்.சி. ஜாப் ஒர்க், ஓசூர்:
நம்பர் இருக்கிறது. 2021இல் இருந்து பேலன்ஸ் ஷீட் குறிப்புகளில் சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்று வயது வாரியாகப் போட வேண்டும், எம்.எஸ்.எம்.இ. (சிறு, குறுந்தொழில்) பாக்கி அதில் தனி வரிசை. எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். லாபம் ஏறும்போதே அந்த வரிசையில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கி வளர்ந்தால் அந்த லாபத்தில் எங்கள் பணமும் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு ரிலேட்டட் பார்ட்டி (முதலாளி தரப்பின் மற்ற கம்பெனிகள், உறவினர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல்) குறிப்பையும், தீர்மானங்களுக்கு எதிராக விழுந்த ஓட்டுச் சதவீதத்தையும் எடுங்கள், ஓட்டு விவரம் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்திலேயே கிடைக்கும். ஐந்து வருஷத்துக்கு எடுங்கள், ஒரு வருஷம் போதாது.