தபால் கார்டு போட்டு வாடிக்கையாளரை அழைத்த அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

சேலைக்கடை, கும்பகோணம்

2012 தீபாவளி. கடை நோட்டிலிருந்து 400 முகவரிகளை எடுத்தோம். 50 காசு கார்டு வாங்கிப் பின்பக்கம் முழுவதும் தள்ளுபடி விவரத்தை அச்சடித்துத் தபாலில் சேர்த்துவிட்டோம். கார்டுச் செலவு 200 ரூபாய்தான்.

நாலாம் நாள் சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் கூறைப்புடவை எடுத்தவர். சுருக்குப்பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்து, "பதினோரு ரூபாய் கட்டி வாங்கினேன் தம்பி. பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பணம் கட்டி வாங்கும் கடிதம் என்றால் வழக்கு, கடன் என்றுதான் நினைத்திருக்கிறார். அதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அச்சடித்த கார்டுக்கு 6 ரூபாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குறைந்த ஐந்தரை ரூபாயை இரட்டிப்பாக்கி அவரிடம் தண்டம் வசூலித்திருக்கிறார்கள். அவர் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அச்சுக்கோப்பவன்

என்னுடையது, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு எந்திரக் காலத்துக் கதை. ஒரு பாத்திரக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்குக் கார்டு அடிக்க வந்தார். எடுப்பாக இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் தடித்த கறுப்புக் கட்டம் கேட்டார். நான் கோத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கார்டு என் பெரியம்மா வீட்டுக்கும் போயிற்று. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் நீட்டியதும் பெரியம்மா கறுப்பு ஓரத்தைப் பார்த்தார். கை பின்னால் போய்விட்டது. "யாரென்று பாருடா" என்றார். குரலே வரவில்லை. அவருடைய அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் வாங்கி, ஒன்றுமில்லை, பாத்திரக்கடைதான் என்று சொன்ன பிறகும் அதை வீட்டுக்குள் கொண்டுபோக விடவில்லை. வாசலிலேயே கிழித்துப் போடச் சொன்னார்.

கருமாதிக் கார்டு நூற்றுக்கணக்கில் அடித்த கை இது. கறுப்பு ஓரம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? கூலி கொடுப்பவர் கேட்டார் என்று வாயை மூடிக்கொண்டேன். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தால் அதே கார்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருப்பார்கள்.

தபால் பணி ஓய்வு

கும்பகோணத்து நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வசூலித்தவர்களைக் குறை சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். விதிப்படிதான் அவர்கள் செய்தார்கள். 1879 ஜூலையில் கால் அணாவுக்குக் கார்டு வந்ததே சாதாரண ஜனங்கள் எழுதட்டும் என்றுதான். 50 காசு என்பது துறைக்கு ஆகும் செலவைவிட மிகமிகக் குறைவு. அந்தச் சலுகை கடை விளம்பரத்துக்கு அல்ல. அதனால்தான் அச்சடித்த கார்டுக்குத் தனிக் கட்டணம், போட்டிக்கு அனுப்பும் கார்டுக்கு 10 ரூபாய். பெரிய விளம்பரதாரர்களுக்கென்று 2002 இல் மேகதூத் கார்டு வந்தது. முகவரிப் பக்கத்தின் இடது பாதியில் விளம்பரம், மக்களுக்கு அப்போது விலை 25 காசு.

என் அனுபவம் சின்னது. பிரிப்பு மேசையில் ஒரு நாள் ஒரே கடையின் கார்டுக் கட்டு வந்தது. ஒன்றில்கூடப் பின்கோடு இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் புதூர், புதூர், புதூர். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! இரவு முழுவதும் தாலுகாவைத் தேடியே போயிற்று.

ஆகவே இனி அனுப்புகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சடிக்கும் முன் ஒரு மாதிரியைத் தபால் நிலையத்தில் காட்டுங்கள். முகவரிக்கு வலது பாதியை அப்படியே விட்டுவிடுங்கள், பூ வேலையெல்லாம் அங்கே வேண்டாம். 1972 இலிருந்து பின்கோடு இருக்கிறது, ஆறு இலக்கத்தையும் எழுதுங்கள். பின்கோடு வாரியாகக் கட்டுக் கட்டிக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் உங்களை வாழ்த்துவார்கள். திரும்பி வரும் கார்டைக் குப்பையில் போடாதீர்கள். வீடு மாறியவர், காலமானவர் யார் என்பதை அதுதான் சொல்லும், அன்றைக்கே நோட்டைத் திருத்துங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் வாழ்த்துகள் குவியும், அதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

காப்பீட்டு முகவர், தேனி மாவட்டம்

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கார்டின் பெரிய ஆபத்து கட்டணமோ பின்கோடோ அல்ல. அது திறந்த கடிதம். அதை ஒருவரும் சொல்லவில்லை.

பிறந்தநாள் வாழ்த்தை நான் கையாலேயே எழுதுவேன், அதனால் 50 காசு போதும். ஒரு முறை ஒருவருக்கு வாழ்த்தின் கீழே, 'இரண்டு தவணை நிற்கிறது, கட்டிவிட்டால் நல்லது' என்று ஒரு வரி சேர்த்தேன். அக்கறையில் எழுதியதுதான். அவர் வீடு பூட்டியிருந்ததால் கார்டு டீக்கடையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் ஊரே படித்துவிட்டது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

நேரில் போனேன். திண்ணையில் பாய் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "கடன்காரன் என்று ஊருக்கு ஓலை எழுதிவிட்டீர்களே அண்ணா" என்றார், அவ்வளவுதான். இரண்டு தவணையையும் எண்ணி என் கையில் வைத்தார். அதன் பிறகு என்னிடம் பேசியதில்லை. பணம் பற்றிய எதையும் அன்றிலிருந்து உறைக்குள் வைத்துத்தான் அனுப்புகிறேன்.

மலைக்கோட்டை வாசகி

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒன்று. திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் என் அப்பாவுக்குக் கார்டு போடுவார். விளம்பர வாசகம் எதுவும் இருக்காது. 'நீங்கள் கேட்ட மூன்றாம் பாகம் வந்திருக்கிறது, ஞாயிறு வரை எடுத்து வைக்கிறேன்' என்று மட்டும் இருக்கும். அப்பா அன்று மாலையே கிளம்பிவிடுவார். தபால் ஐயா, அந்தக் கார்டுகளில் ஒன்றில்கூடப் பின்கோடு இல்லை, எல்லாம் வந்து சேர்ந்தன. பெயர் தெரிந்து எழுதிய ஒரு வரி நானூறு அச்சுக் கார்டுக்குச் சமம் என்றே சொல்வேன்.

சேலைக்கடை, கும்பகோணம்

தபால் ஐயா, நான் யாரையும் குறை சொல்லவில்லை. தப்பு முழுவதும் எங்களுடையது. வாங்க மறுத்தவர்களின் கார்டுகள் எங்களிடமே திரும்பின, தண்டத்தை நாங்களே கட்டினோம். மற்றவர்கள் கார்டைக் காட்டினால் பில்லில் பதினோரு ரூபாயைக் கழித்தோம்.

அந்த அம்மா மட்டும் பணத்தைத் திரும்ப வாங்கவே இல்லை. கார்டில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னார். பட்டுக்கு இத்தனை, பருத்திக்கு இத்தனை என்று முழுவதையும் படித்தேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். கார்டை மடிக்காமல் சுருக்குப்பையில் திரும்ப வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.