புளி உரிக்கும் தொழிலாளர் சங்கத்துக்கு எந்தக் கட்டற்ற கணக்கு மென்பொருள்?

அரூர்க்காரன்:
வணக்கம். அரூர் பக்கம் வியாபாரிகளிடம் கிலோ கூலிக்குப் புளி உரிக்கும் 28 பெண்கள் சொந்தமாகச் சங்கம் தொடங்குகிறார்கள். சங்கமே புளி வாங்கி, உரித்து, விற்கும். 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது, லினக்ஸ் மின்ட் போட்டாச்சு. வரவு செலவு எழுதும் குனூகேஷ் போதுமா, கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் வேணுமா? ஓட்டெடுப்புக்கு லூமியோ என்ற இணையக் கருவி சரிவருமா?

பேரேடு:
எந்தச் சட்டத்தில் பதியப் போறீங்க? மென்பொருளை அதுதான் தீர்மானிக்கும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983 என்றால் குறைந்தது 25 பேர். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் ஒருவராகவா இருவராகவா எண்ணுவார்கள் என்று மனு போடும் முன்பே தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுடுங்க.

கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிந்தால் 10 பேர், 5 இயக்குநர்கள் போதும். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு தானாகப் பதியணும், அந்த வசதியை அணைக்கவும் முடியக்கூடாது. குனூகேஷில் பழைய பதிவைத் திறந்து தொகையை மாற்றினால் பேரேட்டில் சுவடே இருக்காது. பக்கத்தில் ஒரு லாக் கோப்பு உருவாகும், அதை யார் வேணும்னாலும் அழிக்கலாம். கம்பெனி என்றால் ஈஆர்பிநெக்ஸ்டும் அதோடு சேரும், ஜிஎஸ்டி வேலைக்கான இந்தியா கம்ப்ளையன்ஸ் செயலியும்தான். அதை அந்த மடிக்கணினியில் ஓட்டாதீங்க. வாடகை சர்வரும், அப்டேட் பார்க்க ஓர் ஆளும் வேணும். கூட்டுறவாகப் பதிந்து குனூகேஷில் தொடங்குங்க என்பது என் கருத்து.

தராசுத்தட்டு:
குனூகேஷ் என்றால் கூலியில் கவனமா இருங்க. பணம் கொடுக்கும்போது மட்டும் எழுதினால் கொடுக்காத கூலியெல்லாம் லாபமாகத் தெரியும். எடை போட்ட அன்றே எழுதணும்: ஒருவர் 18 கிலோ உரித்தார், கிலோவுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூலிச் செலவு 180 பற்று (டெபிட்), அவர் பெயரில் திறந்த 'கூலி பாக்கி' கணக்கில் 180 வரவு (கிரெடிட்). சனிக்கிழமை கொடுக்கும்போது பாக்கியில் பற்று, ரொக்கத்தில் வரவு. பங்குத்தொகைக்கும் ஆளுக்கொரு துணைக்கணக்கு வேணும்.

சரக்கு இருப்பைக் குனூகேஷ் பார்க்காது. அதற்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கில் (எக்செல் மாதிரி) லாட் எண் வாரியாக, அதாவது வாங்கிய ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் கொடுத்து, ஒரு தாள் போடுங்க. ஓட்டோடு 100 கிலோ வந்தால் சதை சுமார் 55, கொட்டை 34, ஓடும் நாரும் 11. மூன்றையும் எடை போடுங்க. சதை மட்டும் ஒரு லாட்டில் ரொம்பக் குறைந்தால் வாங்கிய சரக்கிலா, தராசிலா, வழியிலா எங்கே குறைந்தது என்று அப்போதுதான் பிடிபடும்.

இன்னொன்று, புளி வரத்து மும்முரமாக இருக்கும்போதே மார்ச் 31 வந்துவிடும். வாங்கிய செலவு முழுக்க ஏறியிருக்கும், சரக்கோ குளிர்பதனக் கிடங்கில் கிடக்கும். அன்றைய இருப்பை எடை போட்டு இறுதிச் சரக்காக ஏற்றாவிட்டால் நல்லா நடக்கிற சங்கம் நட்டக் கணக்கு காட்டும்.

அரூர்க்காரன்:
நன்றிங்க. கூட்டுறவுதான் போகிறோம். ஒரே கோப்பை இரண்டு கணினியில் வைக்கலாமா? லூமியோ?

தராசுத்தட்டு:
வேண்டாம். ஒருவர் திறந்திருக்கும்போது குனூகேஷ் பூட்டுக்கோப்பு போடும். கணினிகளுக்குள் கோப்பை ஒத்திசைக்கும் சிங்திங் வழியாக இரண்டு பக்கமும் எழுதினால் முரண்பட்ட இரண்டு பிரதிகள்தான் மிஞ்சும். ஒரு கணினியில் மட்டும் எழுதுங்க, தினமும் இரண்டு பென்டிரைவில் மாற்றி மாற்றி நகல் எடுங்க.

பேரேடு:
லூமியோ நல்ல கருவி. நியூசிலாந்தில் அதை உருவாக்கியவர்களும் தொழிலாளர் கூட்டுறவுதான். ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் வேணும். 28 பேரும் ஒரே களத்தில் உட்காரும் சங்கத்தில் மாதக் கூட்டமும் ரகசியச் சீட்டும் போதும், ஆளுக்கு ஒரே ஓட்டு, பங்கு எத்தனை இருந்தாலும்.

அந்த உழைப்பைக் கணக்கைக் காட்டுவதில் போடுங்க. கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வையுங்க, அறிக்கையின் பாணித்தாளில் (ஸ்டைல் ஷீட்) நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்க. கூட்டத்துக்கு முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு அச்சுத்தாள்: உரித்த கிலோ, வாங்கிய கூலி, பாக்கி. ஆண்டு மிச்சத்தில் உறுப்பினருக்குப் போகும் பாகத்தை உரித்த கிலோ கணக்கில் பிரிக்க வேண்டுமானால் பதிவுக்கு முன்பே சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியில் எழுதச் சொல்லிக் கேளுங்க. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாளை யார் வாசித்துக் காட்டுவது என்பதையும் கூட்டத்திலேயே முடிவு பண்ணிடுங்க, கணக்கு எழுதுபவரே வாசிக்க வேண்டாம்.