மறுமொழி: ‘புல்லிங் கார்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கார்ட்’ என்பதற்குக் காவலர். ‘புல்லிங் கார்ட்’ என்பதற்கு ‘இழுக்கும் காவலர்’. சரிதானே?

வணக்கம்.

காவலரில் எனக்குத் தகராறில்லை. ‘இழுக்கும்’தான் உதைக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் இந்த ஆள் யாரையும் இழுப்பதில்லை. எதிராளியைப் பிடித்து இழுத்தால் நடுவர் தண்டம் போட்டுவிடுவார்.

காவலர் தன் இடத்தை விட்டு ஓடிப் பந்தோடு வருபவருக்கு வழி திறக்கும் உத்தி இது. இதற்கு முன்னோடி என்று யேல் பல்கலைக்கழகத்தின் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கரைச் சொல்வார்கள். மினியாபொலிஸ்காரர், 1888 முதல் 1891 வரை யேலுக்கு ஆடினார். அந்த 1888 அணி 13 ஆட்டங்களில் 698 புள்ளி குவித்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூச்சியம்! 1889இல் முதன்முதலாக வெளிவந்த அனைத்து அமெரிக்கத் தேர்வணியில் (அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியல்) அவர் பெயர் இருந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இருந்தது.

முன்வரிசையில் ஏழு பேர். நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னுக்குத் தருவார்; அவரை ஒட்டி இருபுறமும் நிற்பவர்கள் காவலர்கள். எதிரே நிற்பவனை முட்டித் தள்ளினால் அவர்கள் வேலை முடிந்தது. ஹெஃபல்ஃபிங்கரோ வரிசையிலிருந்து கழன்று, பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வருபவருக்கு முன்னால் போய், குறுக்கே வருபவனைச் சாய்ப்பார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள் அந்த வேகத்தில் வந்தால் யார் நிற்பார்கள்?

ஆக, கழல்வது, வழி திறப்பது என்று இரண்டு செயல்கள். என் பரிந்துரை: வினைக்குக் ‘கழன்றோடு’, ஆளுக்கு ‘வழிகோலிக் காவலர்’. “இடது காவலர் கழன்றோடி வலப்பக்கம் வழிகோலினார்” என்று வர்ணனையில் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. படையின் முன்னணிக்குத் ‘தூசி’ என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஆசைதான், ஆனால் ‘தூசிக் காவலர்’ என்றால் இன்றைக்குத் தும்மல்தான் வரும்.

> காவலர் என்றால் தற்காப்பு மட்டும் செய்பவர் என்று வாசகர் நினைத்துவிடுவாரே?

அந்தக் காலத்தில் அதே பதினொரு பேர்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் தடகள மன்றத்துக்கு எதிராக ஆட அலெகெனி தடகளச் சங்கம் ஹெஃபல்ஃபிங்கருக்கு 500 டாலர் கொடுத்தது. எதிரணி நழுவவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடி ‘டச் டவுன்’ போட்டார். அப்போது அதற்கு 4 புள்ளி. ஆட்டம் 4–0 என்றே முடிந்தது. அன்றைய மொத்தப் புள்ளியும் ஒரு காவலர் போட்டதுதான்.

அந்த 500 டாலர் சங்கத்தின் கணக்கேட்டில் பதிவானது. ஏடு வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. காசு வாங்கி ஆடிய முதல் ஆட்டக்காரர் என்ற பெயர் அவருக்கு அதனால்தான். அதற்குப் புதுச்சொல் வேண்டாம், ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் ‘கழன்றோடு’, ‘வழிகோலிக் காவலர்’ இரண்டையும் நம் சொல் தொகுப்பில் ஏற்றிவிடலாம். காவலருக்கு வெளிப்புறம் நிற்கும் ‘டேக்கிள்’ பாக்கி. ‘தகைவர்’ ஒத்துவருமா பாருங்கள்.