அப்பா அம்மா ஜூலையில் வருகிறார்கள், எங்கே கூட்டிப் போவது?

மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "நாங்கள் வந்தே எட்டு மாசம்தான் ஆகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பத்து நாள் லீவில் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், வேகாஸ், கிராண்ட் கேன்யன் எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?" முடித்துவிடலாம். முதலில் முடிந்துபோவது இடங்களா, பெற்றோரின் முழங்காலா என்பதுதான் கேள்வி.

நானும் முதல் கோடையில் அந்தத் தப்பைச் செய்தவன். கிழக்குக் கரைக்கு மூன்று நாள் பஸ் டூர் ஒன்றில் அவர்களை ஏற்றிவிட்டேன். ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம், அதில் பாதி பாத்ரூம் வரிசையில். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரோட்டோரத்துல கக்கூஸெல்லாம் நல்லா வச்சிருக்காங்கப்பா" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு நாங்களே காரை எடுத்துக்கொண்டு போனதில் தேறியதையும் தேறாததையும் எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

நயாகராவை யோசிக்காமல் போய்ப் பாருங்கள். கனடா பக்கத்திலிருந்துதான் நேர்முகமாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாலத்தைத் தாண்ட வேண்டாம். அமெரிக்கப் பக்கம் ஒன்றும் குறைச்சல் இல்லை. 1885-லேயே மாநிலப் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள். உள்ளே போகக் காசு கிடையாது, பார்க்கிங்குக்கு மட்டும்தான். படகு சவாரியை விட 'கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்' எனக்குப் பிடித்தது. அருவியின் அடிவாரத்தில் மரப்படிகளில் ஏறி நனைவது. கொடுத்த மழைக்கோட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா மேல்தட்டு வரை ஏறினார். குற்றால ஞாபகம் வந்திருக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருக்கலாம் என்றார். படி ஏற முடியாதவர்களை, அருவிகளுக்கு நடுவே இருக்கும் கோட் ஐலண்ட் தீவில் குதிரைலாட அருவியின் விளிம்புக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் சரிந்து விழுகிற இடத்தைக் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

நியூயார்க்கில் டைம்ஸ் ஸ்கொயருக்கு ராத்திரி இருபது நிமிஷம் போதும். பொம்மை வேஷம் போட்டவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் காசு கேட்பார்கள், குழந்தையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுதந்திர தேவி சிலைத் தீவுக்குப் போகப் பாதுகாப்புச் சோதனை வரிசை, படகு வரிசை என்று அரை நாள் போய்விடும். வயதானவர்களோடு என்றால் நான் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரியைத்தான் சொல்வேன். இலவசம், ஒரு வழிக்கு 25 நிமிஷம், மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலப்பக்கம் நின்றால் சிலை தெரியும். வாசலில் யாராவது இதற்கு டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். என்னிடம் ஒருவர் விற்றார், நான் வாங்கினேன்.

வாஷிங்டனை ஜூலை வெயிலில் நடந்து பார்க்க முடியாது. ஆனால் ஸ்மித்சோனியன் மியூசியங்களில் ஏசியும் உண்டு, நுழைவுக் கட்டணமும் கிடையாது. விமான மியூசியத்துக்கு இலவச நேரச் சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். எல்லாரும் அங்கேயே ஓடுவார்கள். நீங்கள் ஃப்ரீர் கலைக்கூடத்துக்கும் போங்கள். சோழ அரசி செம்பியன் மாதேவியைப் பார்வதி வடிவில் வார்த்ததாகச் சொல்லப்படும் சோழர் காலச் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ஒரு முழம் பூ இல்லாம நிக்கிறாளே" என்றார். காவலர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை கூப்பவில்லை என்று வெளியே வந்தபிறகுதான் சொன்னார்.

ஹாலிவுட் நட்சத்திர நடைபாதை சுத்த ஏமாற்றம். அழுக்கு நடைபாதையில் பெயர் எழுதிய கற்கள், கையில் சிடியைத் திணித்துவிட்டுக் காசு கேட்கும் ஆட்கள். அந்த நேரத்தில் கிரிஃபித் வானாய்வகத்துக்கு ஏறிவிடுங்கள். 1935-இல் கட்டியது, நுழைவு இலவசம், திங்கள்கிழமை விடுமுறை. ஹாலிவுட் எழுத்துகளும் அங்கிருந்தே தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலையில் கோல்டன் கேட் பாலம் பனிமூட்டத்துக்குள் போய்விடும். செப்டம்பர், அக்டோபர் நல்லது. காரில் ஒரு பையைக்கூடக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். வேகாஸ் ஓர் இரவு. பெலாஜியோ ஹோட்டல் வாசல் நீரூற்று இலவசம், ரூம் வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீஸ்' தனியாக வரும். மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகத்தைச் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர், போகிற தூரத்துக்குத் தகாது. அந்த வழியில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் என்ற மண்குன்றுப் பூங்கா தகும்.

கிராண்ட் கேன்யனுக்கு மட்டும் அவசரப்படாமல் போங்கள். வேகாஸிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போகலாம் என்று கண்ணாடிப் பாலம் இருக்கும் வெஸ்ட் ரிம்மைக் காட்டுவார்கள். அது ஹுவாலபாய் பூர்வகுடி மக்களின் நிலம், தேசியப் பூங்காவுக்குள் வராது, தேசியப் பூங்காக்களுக்கு நாம் வாங்கும் ஆண்டு பாஸ் அங்கே செல்லாது. கண்ணாடிப் பாலத்தில் போனையும் விடமாட்டார்கள். தெற்கு விளிம்புக்கு நாலரை மணி நேரம் ஆகும், ஆனாலும் அங்கேதான் போக வேண்டும், அங்கேயே ஓர் இரவு தங்கவும் வேண்டும். 7,000 அடி உயரம் என்பதால் ஜூலையிலும் ராத்திரி ஸ்வெட்டர் தேவைப்படும், வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் இடி மழை வரும்.

பள்ளத்தாக்குக்குள் நிற்கும் பாறைச் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்றெல்லாம் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கு வந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் தொடங்கிவைத்த வழக்கம். மாலையில் விஷ்ணு கோயிலைக் காட்டி இதைச் சொன்னேன். பஸ் டூரில் வாய் திறக்காத அப்பா, "பிரகாரம் சுத்த எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார். வெயில் இறங்க இறங்கப் பாறை செம்மண் நிறத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. இருட்டிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

காசு விஷயத்தில் ஒன்று. 2026 முதல் கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற பெரிய பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குக் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். 80 டாலர் ஆண்டு பாஸ் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். ஆகவே பூங்காவின் வலைத்தளத்தில் பெற்றோருக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.

யெல்லோஸ்டோனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாலு நாள் இல்லையென்றால் அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பீறிடும், அதற்குக் காத்திருக்கத் தயிர்சாதம் வேண்டும். காட்டெருமையிடமிருந்து 25 கஜம் தள்ளி நிற்பது சட்டம். நம் ஊர் எருமை மாதிரி சாதுவாகத்தான் தெரியும், கிட்டே போகாதீர்கள்.

சின்ன ரைஸ் குக்கரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். தாளிப்பதை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மோட்டல் ரூமில் கடுகு வெடித்தால் புகை அலாரம் அடிக்கும், இரவு பத்து மணிக்கு மொத்தப் பேரும் பார்க்கிங்கில் நிற்பார்கள். நாங்கள் நின்றிருக்கிறோம்.