மறு: சாவிக்கொத்து டார்ச் ஒப்பீடு – 'ரன்டைம்' என்பதற்கு ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம். டார்ச் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் குறித்து இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> எல்இடி கீசெயின் ஃபிளாஷ்லைட் என்பதற்குத் 'திறவுகோல் வளைய ஒளியுமிழ் இருமுனையக் கைவிளக்கு' என்று வைக்கலாமா?

வைக்கலாம், சொல்லி முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும், அவ்வளவுதான். அந்தப் பொருளுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: சாவிக்கொத்து டார்ச். டார்ச் என்ற சொல் தமிழில் குடியேறி 'டார்ச் அடி' என்று ஒரு வினையையும் சேர்த்துக்கொண்டுவிட்டது, இனி அதை வெளியே அனுப்ப முடியாது. எல்இடி என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம், இந்த அளவில் இப்போது வருவதெல்லாம் எல்இடிதான். ஒளி உமிழ் இருமுனையம் பாடநூலில் இருக்கட்டும், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

தினமும் கூடவே எடுத்துச்செல்லும் பொருளைக் குறிக்கும் 'எவ்ரிடே கேரி' என்பதற்கு வந்த 'அன்றாடச் சுமை'யும் வேண்டாம். சுமை என்றாலே முனகிக்கொண்டு தூக்குவது, இருபது கிராம் டார்ச்சுக்கு அது அநியாயம். 'மடிப்பொருள்' எனக்குப் பிடித்திருக்கிறது, 'மடியில் கனம்' என்கிறோமே அந்த மடி. ஆனால் மடிக்கணினி வந்த பிறகு மடி என்றால் தொடையா, மடக்குவதா, இடுப்புச் செருகலா என்று குழப்பம் வரும் என்கிற எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. அதைத் தனி இழையில் பேசுவோம்.

நமக்கு உண்மையிலேயே சொல் இல்லாத இடம் வேறு. இரண்டு டார்ச்சை அருகருகே வைத்து எது நல்லது என்று தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே தட்டுகிற இடம், 'ரன்டைம்', அதாவது பேட்டரி தீரும் வரை டார்ச் எவ்வளவு நேரம் எரியும் என்பது.

> எரிநேரம் என்று வைத்துவிட்டுப் போகலாமே. எல்இடி எரிவதில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்களா?

வந்தால் நான் பதில் சொல்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்கிறோம், டியூப்லைட் எரிகிறது என்கிறோம், அதற்குள் தீ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழில் விளக்கு எதுவானாலும் எரியும். எரிநேரம் வினைத்தொகையாகவும் அழகாக நிற்கிறது, சுடுநீர், ஊறுகாய் வரிசையில் சேர்ந்துவிடும். என் தகராறு சொல்லோடு இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டார்ச்களை ஒப்பிட்டால் வாசிப்பவர் ஏமாறுவார் என்பதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் பெரும்பாலும் எஃப்எல்1 என்ற டார்ச் தரவரையறைப்படி வருபவை, அமெரிக்காவில் 2009-இல் வந்தது. அதன்படி டார்ச்சைப் போட்டு 30 வினாடி கழித்து 2 நிமிடத்துக்குள் அளக்கும் வெளிச்சம்தான் அதன் லூமன் (டார்ச் வெளியிடும் மொத்த ஒளிக்கான அலகு). ரன்டைம் என்பது அந்தத் தொடக்க வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஆகும் நேரம். இந்தப் பத்து சதவீதத்தில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. 700 லூமன் என்று போட்ட டார்ச் இரண்டாவது நிமிடத்தில் 100 லூமனுக்கு இறங்கி, அப்படியே ஒன்றரை மணி நேரம் எரிந்தாலும், பெட்டியில் '700 லூமன், ஒன்றரை மணி நேரம்' என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். இரண்டும் உண்மை, சேர்த்து வாசித்தால் பொய்.

இவ்வளவு சின்ன உடம்பில் வேறு வழியும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும், தயாரிப்பவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 700 லூமன் கொடுக்க ஏழு வாட்டை ஒட்டி மின்சாரம் உள்ளே போகிறது, அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, கட்டைவிரல் அளவு உலோகத்துக்கு அதை உதறித் தள்ளப் போதுமான பரப்பு இல்லை. அதனால் உள்ளிருக்கும் மின்சுற்றே பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. குறைக்காவிட்டால் கையில் பிடிக்க முடியாது.

அப்புறம் பேட்டரிக் கணக்கு. இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைக்கிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நைட்கோர் டிப் எஸ்இ என்ற டார்ச்சில் 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, அதிகபட்சம் 700 லூமன் என்கிறார்கள். 0.5-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 1.85 வாட்-மணி, அதாவது 185 லூமன்-மணி. முழு வெளிச்சத்தில் விடாமல் எரித்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், வெப்பம் அதற்கும் விடாது. அதே பேட்டரியை 10 லூமனில் எரித்தால் கணக்குப்படி 18 மணி நேரம். ஓலைட் ஐ3ஈ ஒரே ஒரு ஏஏஏ பேட்டரியில் ஓடுவது, 90 லூமன். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியில் ஒரு வாட்-மணிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், 1.2 வோல்ட்டை எல்இடிக்கு வேண்டிய 3 வோல்ட்டுக்குத் தூக்கும் சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆக 90 லூமனில் அது எரிவது ஒரு மணி நேரத்துக்குக் கீழே. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் லூமனையும் மணியையும் பெருக்கி, வருவது இந்த அளவுக்கு மேலே எகிறினால் நடுவில் வெளிச்சம் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த 'லூமன்-மணி'யை நம் பட்டியலில் அப்படியே சேர்த்துவிடுவது நல்லது, வாட்-மணி இருக்கும்போது இதற்கு விளக்கமே தேவைப்படாது.

நாணய பேட்டரி டார்ச் வேறு ரகம். சிஆர்2016 என்ற நாணய பேட்டரி இரண்டை அடுக்கி, நடுவில் எல்இடியின் இரண்டு கால்களைச் செருகி, அழுத்தினால் எரிகிற வகை. பலவற்றில் சுற்றே கிடையாது, ஒரு மின்தடைகூட இல்லை, பேட்டரியின் உள்தடைதான் மின்னோட்டத்தை அடக்கிவைக்கிறது. அதனால் போட்ட நொடியிலிருந்தே வெளிச்சம் சரிந்துகொண்டே வரும், ஆனால் சாகாது, இருண்டு இருண்டு நாள்கணக்கில் இழுக்கும். ஸ்ட்ரீம்லைட் நானோ நான்கு பொத்தான் பேட்டரியில் 10 லூமன் கொடுப்பது, அதுவும் இந்தக் குடும்பம்தான். முன்னால் சொன்ன லித்தியம் டார்ச்சோ படியில் இறங்குவதுபோல் டக் டக்கென்று இறங்கி, கடைசியில் ஒரே அடியாக அணையும். இரண்டுக்கும் 'எரிநேரம்' என்று ஒரே கட்டத்தில் ஒரே எண் போட்டால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன பொருள்?

அதனால் என் முன்மொழிவு இரண்டு சொல். மொத்தத்துக்கு எரிநேரம் இருக்கட்டும். அதற்குள், சொன்ன வெளிச்சம் அப்படியே நிற்கும் பகுதிக்கு நின்றெரி நேரம், அதற்குப் பிறகு மங்கி மங்கி எரியும் பகுதிக்கு மங்கெரி நேரம். விளக்கு நின்று எரியும் என்று நாம் பேசுவதுதான், புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லை எங்கே என்றால் பாதி வெளிச்சம். 30 வினாடியில் அளந்ததில் 50 சதவீதத்துக்கு இறங்கும் வரை நின்றெரி, அங்கிருந்து 10 சதவீதம் வரை மங்கெரி. பாதி என்பது என் இஷ்டம் இல்லை, டார்ச்களைச் சோதித்து எழுதுபவர்கள் ஏற்கெனவே அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள், மெல்ல இறங்கினால் பாதி வரைக்கும் கண் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பதால்.

இன்னொன்று. ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லும் 'த்ரோ' என்பதற்கு 'எறிதூரம்' என்று ஒருவர் கொடுத்திருந்தார். சொல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் எரிநேரமும் எறிதூரமும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து நின்றால் ரகர றகரத்தில் பாதிப் பேர் வழுக்குவார்கள், நின்றெரி நின்றெறி ஆகி, நின்றுகொண்டு டார்ச்சைத் தூக்கி எறிகிற நேரம் என்று பொருள் வந்துவிடும். வீச்சு என்றே வைப்போம். ஒளி போய் விழும் இடத்தில் 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம், இருக்கும் தொலைவுதான் எஃப்எல்1 சொல்லும் வீச்சு. ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவைச் சொல்லும் கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் வந்துவிடும், 400 கேண்டெலா என்றால் 40 மீட்டர். சாவிக்கொத்து டார்ச்சுக்கு இந்த எண் அவ்வளவு முக்கியமும் இல்லை, பூட்டுத் துவாரத்தையும் கீழே விழுந்த திருகாணியையும் பார்க்க 40 மீட்டர் எதற்கு?

* * *

> அதற்குள், சொன்ன வெளிச்சம் அப்படியே நிற்கும் பகுதிக்கு நின்றெரி நேரம்

ஐயா, சொல் இரண்டும் நன்று, வரையறையில் ஓர் ஓட்டை. நீங்கள் சொன்ன 700 லூமன் டார்ச்சையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டாவது நிமிடத்தில் 100-க்கு இறங்குகிறது. உங்கள் கணக்கில் அதன் நின்றெரி நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை, மீதி ஒன்றரை மணி நேரமும் மங்கெரி. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் அது மங்கவே இல்லையே, 100 லூமனில் ஆடாமல் அசையாமல் எரிகிறது. நாணய பேட்டரி டார்ச் சாகக் கிடப்பதற்கும் இதற்கும் ஒரே பெயரா? ஒன்று பேட்டரி ஓய்ந்து மங்குவது, இன்னொன்று சுற்று வேண்டுமென்றே குறைப்பது. வாங்குபவருக்கு இரண்டாவது குறையே இல்லை, தெரிந்திருந்தால் போதும்.

தவிர 'மங்கெரி' வாயில் வரமாட்டேன் என்கிறது. மங்குநேரம் என்றால் என்ன?

* * *

> ஒன்று பேட்டரி ஓய்ந்து மங்குவது, இன்னொன்று சுற்று வேண்டுமென்றே குறைப்பது.

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், இதற்கு மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். சுற்று தானாகக் குறைப்பதற்குப் படியிறக்கம் என்று வைக்கலாமா? ஆங்கிலத்தில் 'ஸ்டெப் டவுன்' என்கிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, வரைபடத்தைப் பார்த்தால் அப்படியே படிக்கட்டாகத்தான் இருக்கிறது. மின்மாற்றிப் பாடத்தில் இதே சொல்லை மின்னழுத்தம் குறைப்பதற்குப் பயன்படுத்துவார்களே என்று யாராவது கேட்கலாம், அங்கே வோல்ட், இங்கே லூமன், இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள்.

அப்படியானால் வரையறை இப்படி மாறும். ஒவ்வொரு படிக்கும் அதன் நின்றெரி நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த டார்ச்சை '700 லூமனில் 1 நிமிடம் சொச்சம், படியிறக்கம், 100 லூமனில் ஒன்றரை மணி நேரம், பிறகு அணைதல்' என்று எழுதினால் ஒரே வரியில் அதன் முழு ஜாதகமும் வந்துவிடும். நாணய பேட்டரி டார்ச்சுக்கு நின்றெரி நேரம் கொஞ்சம், படியிறக்கம் இல்லை, மங்குநேரம் மிக நீளம். சுற்றுள்ள ஏஏஏ டார்ச்சுக்கு நின்றெரி நேரமே கிட்டத்தட்ட மொத்த எரிநேரமும், கடைசியில் சட்டென்று அணைந்துவிடும். இதில் எது நல்லது என்பது தேவையைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் சாவிக்கொத்தில் முதலில் பார்க்க வேண்டியது மேல்படி இல்லை, கீழ்ப்படி. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரு லூமனே தாராளம், 90 லூமனை அடித்தால் பழகியதெல்லாம் போய்விடும். ஒரே வெளிச்சம் மட்டும் உள்ள டார்ச்சை நான் தள்ளிவைப்பது இதனால்தான்.

மங்குநேரம் எனக்குச் சம்மதம். மங்கெரியை விட்டுவிடலாம்.

* * *

> ஒவ்வொரு படிக்கும் அதன் நின்றெரி நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இது பெட்டிக்குச் சரி, சொற்பட்டியலுக்கு நீளம். பட்டியலில் வரையறை மட்டும் போதும், எடுத்துக்காட்டை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். அதிகபட்ச வெளிச்ச நிலையைச் சொல்லும் 'டர்போ' என்பதை யாரும் தொடவில்லை, அதை டர்போ என்றே விடுவோமா? பேருந்து விளம்பரம்போல 'அதிவேகம்' என்று யாராவது மொழிபெயர்த்துவிடுவதற்குள் முடிவு செய்வது நல்லது.

* * *

டர்போ வேண்டாம், 'மேல்படி' இருக்கிறதே. மேல்படி, நடுப்படி, கீழ்ப்படி, படியிறக்கத்தோடு ஒட்டிப்போகிறது. ஒரு லூமனுக்கும் கீழே போகிற நிலைக்கு மட்டும் 'அடிப்படி' என்று போட்டால் அடிப்படை என்று வாசிப்பார்கள், அதற்கு வேறு ஏதாவது சொல்லுங்கள். எரிநேரம், நின்றெரி நேரம், மங்குநேரம், படியிறக்கம், லூமன்-மணி, வீச்சு ஆறையும் இன்று வரைவுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள், மடிப்பொருளைப் பற்றி எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து தலைப்பை மாற்றிவிட்டு எழுதுங்கள்.