மறு: நொய்ஸ் புளோருக்கு என்ன சொல்?

வணக்கம்.

ஒலிப்பதிவில் யாரும் பாடாதபோதும் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும் இரைச்சலின் மட்டத்தைத்தான் ஆங்கிலத்தில் நொய்ஸ் புளோர் (noise floor) என்கிறார்கள். நம் கலைச்சொல் அட்டவணைக்கு அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, ‘இரைச்சல் தளம்’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பிழையில்லை. ஆனால் இணையத்தளம், படைத்தளம், கட்டடத் தளம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. எனக்குள்ள பெரிய மறுப்பு வேறு. தளம் என்றால் மேசன் போட்டுவிட்டுப் போனது, அப்படியே கிடக்கும். வீட்டில் ஒலிப்பதிவு செய்கிற எங்களுக்கு இந்த இரைச்சல் ஏறும், இறங்கும். அதை இறக்குவதுதான் பாதி வேலை. ஆகவே நான் ‘அடியிரைச்சல்’ என்கிறேன்.

நான் இருப்பது கிளிநொச்சிப் பக்கம். இங்கே அடி என்றால் குளத்தின் அடிதான் கண்ணுக்குள் வரும். குளம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது கட்டின் உயரத்தை மட்டும் பொறுத்ததா? அடியில் வண்டல் ஏற ஏறக் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். ஒலிக்கும் அதே கணக்கு. மேலே ஓர் எல்லை, அதைத் தாண்டினால் அலையின் முகடு அறுபடும் (ஆங்கிலத்தில் கிளிப்பிங்). கீழே அடியிரைச்சல். இடையில் உள்ள ஆழத்துக்குள்தான் பாட்டு நிற்க வேண்டும்.

அண்மையில் முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) ஒருவரை இருத்தி கோவலன் கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். கண்ணகி புலம்பும் இடத்தில் குரலை நன்றாகத் தாழ்த்தினார். பிறகு கேட்டால், அந்தத் தாழ்ந்த இடம் முழுக்க ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் அதற்கடியில் ஓர் உறுமலும். அவர் வயதுக்கு அதே பாட்டை அதே உருக்கத்தோடு திரும்பப் பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே புது இன்ரபேஸ் (ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

வாங்க முதல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளும் யூ.எஸ்.பி. வழியாக உள்ளே வந்திருக்கின்றன. மின்விசிறியை நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஒலிவாங்கியை வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வைத்திருந்தேன். அரைச் சாணுக்குக் கொண்டுவந்தபோது குரல் கிட்டத்தட்ட 12 டெசிபெல் (ஒலி மட்டத்தின் அலகு) கூடியது, அந்தளவுக்கு நயத்தை, அதாவது ஒலிவாங்கியின் சைகையைப் பெட்டி பெருக்கும் அளவை, குறைக்க முடிந்தது. (இந்திய நண்பர்களுக்கு: எங்கள் பௌதிகப் பாடத்தில் ‘நயம்’ என்றால் நீங்கள் பெருக்கம் என்பது. அட்டவணையில் இரண்டும் இருக்கட்டும்.)

இவ்வளவும் வண்டல். ஐந்து சதம் செலவில்லாமல் அகற்றக்கூடியது.

மிஞ்சியது பெட்டிக்குள் இருப்பது. பெட்டியில் ‘24 பிட்’ (ஒலியை எண்ணாக்கும் நுணுக்கம்) என்று பெரிதாக எழுதியிருக்கும். கணக்குப்படி 24 பிட்டுக்கு 144 டெசிபெல் ஆழம். ஆனால் நல்ல பெட்டிகளே ஏறத்தாழ 110 முதல் 120 வரைதான் தருகின்றன. என்னுடையது போன்ற, மெல்லிய சைகையே தரும் டைனமிக் ஒலிவாங்கிக்கு 60 டெசிபெல் வரை நயம் தேவைப்படும், அதாவது வோல்ற்றளவை ஆயிரம் மடங்காக்க வேண்டும். அந்த இடத்தில் பிட் எண்ணிக்கையைவிட முன்விரியலாக்கி (பெட்டிக்குள் அந்தச் சைகையை முதலில் பெருக்கும் பகுதி) எவ்வளவு அமைதியானது என்பதே முக்கியம். விலை மலிந்த பழைய பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகின்றன. மேம்படுத்துவதென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கும் கீழே பாறை. எந்தத் தடையியிலும் (மின்னோட்டத்தைத் தடுக்கும் உறுப்பு) வெப்பத்தால் இரைச்சல் பிறக்கும். பௌதிகவியலாளர் ஜோன்சன் அளந்து, பொறியியலாளர் நைக்விஸ்ட் விளக்கி, இருவர் கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன. 150 ஓம் தடைக்கு, காதுக்குக் கேட்கும் மீடிறன் (அதிர்வெண்) வீச்சில், அது சுமார் −131 டிபியூ (வோல்ற்றளவை டெசிபெலில் சொல்லும் அலகு; எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). இன்றைய நல்ல பெட்டிகள் −128 அளவில் நிற்கின்றன. மிச்சம் மூன்றே டெசிபெல்! அதற்குமேல் காசு கொட்டினாலும் அறை வெப்பநிலையில் தோண்ட இடமில்லை. வண்டல், பாறை என்ற இந்த வேறுபாட்டை ‘அடி’ தாங்குகிறது, ‘தளம்’ தாங்கவில்லை.

அடி என்றால் அடித்தல் என்றும் வருமே என்று கேட்பீர்கள். அடிவானம், அடிவயிறு, அடிமட்டம் என்பவற்றில் யாரும் தடுமாறுவதில்லையே.

கிளிப்பிங்கிற்கு ‘வான்பாய்தல்’ (குளம் நிரம்பி வழிதல்) என்று வைக்கலாமா என்று தனிமடலில் ஒரு தம்பி கேட்டார். நெல்லையில் அதையே மறுகால் பாய்தல் என்பார்கள், ஆகவே விளங்காமல் போகாது. ஆனால் குளம் வான் பாய்ந்தால் இங்கே சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகும். அந்தச் சந்தோசத்தை ஒரு பிழைக்குப் பெயராக வைக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு ‘முகடறுதல்’ போதும்.

உறுமலுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் தேடுகிறேன். ரீங்காரம் வேண்டாம், அது இனிமையானது.