தகாத உறவு குற்றமா? மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும்

தெமட்டகொடை வாசகி:
என் உறவுக்காரப் பெண்ணின் கணவர் ஒரு வருடமாக இன்னொருத்தியுடன், நிக்காஹ் எதுவுமின்றி, குடித்தனம் நடத்துகிறார். கைபேசிப் படங்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போன மனைவியை, "இது எங்கள் வேலையில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்க்கத்தில் கல்லெறி தண்டனை இருக்கும்போது நாட்டுச் சட்டம் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர் கேட்கிறார். விபரமறிந்தவர்கள் விளக்குவீர்களா?

புதுக்கடைச் சட்டத்தரணி:
பொலிஸார் சொன்னது கசப்பாக இருந்தாலும் சட்டப்படி சரியே. நமது இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை அடியொற்றியதெனினும், பிறர்மனை சேர்தலைக் குற்றமாக்கிய அங்கிருந்த 497ஆம் பிரிவு இங்கே இடம்பெறவில்லை. ஆணை மட்டும் தண்டித்து, அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்று சொன்ன அந்த விசித்திரமான பிரிவை இந்திய உச்ச நீதிமன்றமும் 2018இல் செல்லாதென்றது. இங்கே இது விவாகரத்துக்கான காரணம் மட்டுமே. முஸ்லிம் பெண் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், கணவனின் தவறைக் காட்டிக் முஸ்லிம்களின் மண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் பஸஹ் (மனைவி கோரும் மணமுறிவு) கேட்கலாம். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாதாகையால் சாட்சிகளை அவரே ஆயத்தப்படுத்த வேண்டும்.

மருதானை மௌலவி:
பெரியவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். குர்ஆனின் 24ஆவது அத்தியாயம் 2ஆவது வசனத்தில் 100 கசையடி வருகிறது. மணமானவருக்கான கல்லெறி ஹதீஸிலிருந்து (நபிமொழியிலிருந்து) பெறப்பட்டது. ஆனால் 4ஆவது வசனம், நான்கு சாட்சிகளைக் கொண்டுவராமல் கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்துபவருக்கே 80 கசையடி என்கிறது. ஆண்கள் மீதான பழிக்கும் இதுவே என்பது அறிஞர்களின் கருத்து. அந்த நால்வரும் செயலையே கண்ணால் கண்டிருக்க வேண்டும். வீட்டுவாசலில் எடுத்த படம் எந்த எண்ணிக்கையிலும் சேராது. தண்டனை நிறைவேற்றுவதோ ஆட்சியின் பொறுப்பு, ஊராரின் பொறுப்பல்ல. எனவே அந்தக் கோப்பை அக்கம்பக்கத்தில் காட்டித் திரிய வேண்டாமென்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தை நண்பன்:
அந்தப் பொறுப்பை ஆட்சி ஏற்றுக்கொண்ட இடத்தில் நடப்பதும் தெரிந்ததே. 2015இல் சவூதியில் வேலைசெய்த நம் நாட்டுப் பெண்ணொருவருக்குக் கல்லெறி தீர்ப்பும், மணமாகாத ஆணுக்கு 100 கசையடியும் விதிக்கப்பட்டன. பின்னர் அந்தப் பெண்ணின் தண்டனை மூன்றாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

தெமட்டகொடை வாசகி:
நன்றி. கோப்பை அலமாரியில் பூட்டச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் தாபரிப்புச் செலவையும் காதியிடமே கேட்கலாமா?

புதுக்கடைச் சட்டத்தரணி:
கேட்கலாம், அதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழ்களை மறக்காமல் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.